மாவுப்பூச்சிக்கு மருந்து ஒன்றுதான் வழியா?

செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது என்று மருந்துக்கடையில் சொல்ல ஆரம்பித்தாலே போதும், பாட்டில் கைக்கு வந்துவிடும். “மருந்தடிக்காம மாவுப்பூச்சி போகாதுங்க” என்ற ஆலோசனை இலவசம். மாடித்தோட்டக்காரர்கள் பலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இதற்குச் சொல்லப்படும் காரணங்களைச் சற்றுப் பார்ப்போம்.

மருந்துதான் உடனே கேட்கும் என்பது முதல் வாதம். மாவுப்பூச்சியின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சு மெழுகு. தெளிக்கும் கரைசலில் பெரும்பகுதி அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகளோ பஞ்சுப்பைக்குள் பத்திரமாக இருக்கும். நன்றாக அடிபடுவது வெளியே ஊரும் குஞ்சுகளும், அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டும்தான். முட்டை பொரிந்து அடுத்த கூட்டம் வரும்போது தின்ன ஆளிருக்காது. “டோஸ் பத்தல” என்று கடைக்காரர் அடுத்த பாட்டிலை நீட்டுவார். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஊடுருவி வேலைசெய்யும், உண்மைதான். ஆனால் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் அதே மருந்து போகும். தேனீக்களை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அதைத் தடைசெய்தது.

பூச்சியைப் பூச்சி அடக்கும் என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது அடுத்தது. இதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்துக்கு அடங்கவில்லை. மல்பெரிக்கு மனம்போல அடிக்கவும் முடியாது, மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். 2010இல் பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே கடுகளவுகூட இல்லை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகிக் காய்ந்த கூட்டில் ஓட்டை போட்டு வெளியேறும். அதைப் பெருக்கி வயல்களில் விட்ட பிறகுதான் பப்பாளித் தோட்டங்கள் மூச்சுவிட்டன.

நம் மாடிக்கும் இப்படி ஆட்கள் வருகிறார்கள், நாம்தான் நசுக்கிவிடுகிறோம். 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு, மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஓடினால் அது நம்மாள். இவர்களை விரட்டுவது எறும்பு. மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கும். ஆகவே தொட்டியில் ஏறும் எறும்புச் சாரையை முதலில் தடுக்க வேண்டும்.

சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இயற்கைக் கரைசல் என்றால் எவ்வளவும் அடிக்கலாம் என்கிறார்கள். புகையிலைக் கரைசலில் இருக்கும் நிகோடின் மனிதருக்கும் நஞ்சு. வேப்பெண்ணெயை உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். சோப்புக் கரைசல் பொறிவண்டுப் புழுவையும் கொல்லும். அப்பிய கிளைக்கு மட்டும், சாயங்காலத்தில் அடித்தால் போதும்.

ஒரு பூச்சிகூடத் தங்கக் கூடாது என்பவர்களுக்கு ஒரே பதில்: இரை அடியோடு தீர்ந்தால் பொறிவண்டும் பறந்துவிடும்.

கிளை முழுக்க அப்பிவிட்டதென்றால் வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். நாலு தொட்டிச் செடிக்காகக் குழந்தைகள் புழங்கும் வீட்டில் பூச்சிக்கொல்லி பாட்டில் எதற்கு?