வளையலும் 18,000 ரூபாயும்

அரசாங்கம் வளைகாப்பு நடத்துவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நிறையப் பேர். "ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு சீர் செய்யக் கிளம்பிட்டாங்க" என்று ஒரு கிண்டல். "புள்ள பெத்துக்கக் காசா? எல்லாம் நம்ம வரிப்பணம்" என்று இன்னொரு புலம்பல். இரண்டுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வளைகாப்பு. வீட்டில் நடக்கும் வளைகாப்புக்கு யார் யார் வருவார்கள்? சொந்தபந்தம். அதாவது சொந்த சாதி. விதவை தள்ளி நிற்க வேண்டும், குழந்தை இல்லாதவள் வளையல் போடக் கூடாது. வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்த பெண்ணுக்குப் பல சமயம் வளைகாப்பே கிடையாது. அங்கன்வாடிகள் மூலம் நடக்கும் சமுதாய வளைகாப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். ஒரே தட்டு, ஒரே கலந்த சாதம். கீரை, முட்டை, இரும்புச்சத்து மாத்திரை என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் யார் படிப்பார்கள்? சந்தனம் பூசிச் சொன்னால் காதில் ஏறும். கூட வந்த மாமியார் காதிலும் ஏறும். பல வீடுகளில் மருமகள் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தானே!

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வளைகாப்பு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலேயே தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை! பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாயிற்று, உடம்பில் ரத்தம் ஊறவில்லை. "மூணு மாசம் முடியுற வரைக்கும் வெளிய சொல்லாதே, கண்ணு பட்டுடும்" என்பதும் நம் கலாசாரம்தான். அதற்குப் பதில் சொல்ல, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளையே ஒரு விசேஷமாக்கினால் என்ன? கலாசாரம் கல்வெட்டு அல்ல, மாற்றி எழுதலாம்.

அடுத்து பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000. இந்த 18,000த்தில் 14,000 பணம். மீதி, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இதன் நோக்கமே கர்ப்ப காலத்தில் போகும் கூலியை ஈடுகட்டுவதுதான்.

இலவசம் என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021இல் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் ஆனது, முழுச் சம்பளத்தோடு. அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. உரிமை என்கிறார்கள், சரிதான். நாற்று நடுபவளுக்கும் சித்தாள் வேலை பார்ப்பவளுக்கும் 14,000 கொடுத்தால் மட்டும் அது எப்படிப் பிச்சையாகும்? பிள்ளைவலி எல்லோருக்கும் ஒன்றுதானே!

உண்மையில் கோபப்பட வேண்டியது வேறொன்றுக்கு. முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று விதி எழுதினார்கள். மூன்றாவது முறை கர்ப்பமாகிறவள் யார்? பல நேரம் ஏழை, படிக்காதவள், ஆண் பிள்ளை வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவள். அடுத்தடுத்த பிரசவத்தில் உடம்பு வற்றியவளும் அவள்தான். சத்துணவு அதிகம் தேவைப்படுகிறவளைத்தான் இந்த விதி வெளியே தள்ளுகிறது. இதற்குப் பெயர் ஊக்கத்தொகை அல்ல, அபராதம். அந்த அபராதத்தை வயிற்றில் இருக்கும் குழந்தையும் சேர்த்துக் கட்டுகிறது.

2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டார், இரண்டு குழந்தை விதியைக் காட்டி மறுத்தார்கள். நீதிமன்றம் விடுப்புக் கொடுக்கச் சொன்னது. மகப்பேறுப் பலன்கள் பெண்ணின் உரிமையோடு சேர்ந்தவை என்றது. ஆசிரியைக்கு நியாயம் கிடைத்தது, நல்லது. உச்ச நீதிமன்றம் வரை போக வசதியில்லாத கூலிக்காரிக்கு?

வளையல் போடும்போது இது எத்தனையாவது பிள்ளை என்று கேட்காத அரசு, பணம் கொடுக்கும்போதும் கேட்காமல் இருக்கட்டும்.