அரியர் வைத்தவர்கள் வெளியுறவு படிக்கக் கூடாதா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது பி.ஏ. முடித்திருக்கிறாள். இரண்டு அரியர் எழுதித் தேறியவள், மொத்தம் 54 சதவீதம். சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்க ஆசை. "இந்த மார்க்குக்கு அதெல்லாம் கிடைக்காது, பி.எட். சேர்" என்கிறார் அம்மா. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நிலத்தை அடமானம் வைத்து லண்டன் அனுப்பலாம் என்கிறார் அப்பா. இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. இந்த டீச்சருக்கு எம்.ஏ. பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் மார்க் போட்டவள் நான். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரியும்.

டெல்லி ஜே.என்.யு.வில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970-ல் ஜே.என்.யு.வோடு இணைந்தது. அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த எம்.ஏ. உண்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ்ஸில் போய்விடலாம். இரண்டுக்கும் க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பு மார்க் குறைந்தபட்சத் தகுதிக்குத்தான். அதைத் தாண்டிவிட்டால் 54-ம் 84-ம் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 குறையும். குருட்டாம்போக்கில் டிக் அடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வெளிநாடு என்றால் கதை வேறு. மார்க் பொருட்டே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மார்க் ஷீட்டோடு நீங்கள் எழுதும் கட்டுரையையும் பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள். அந்தக் கட்டுரையை ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறாராம்! "சிறு வயது முதலே உலக அமைதியில் ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு இதே வரியை விற்றாரோ.

அரியரை மறைக்காதீர்கள். எந்த செமஸ்டர், என்ன காரணம், பிறகு எப்படித் தேறினீர்கள், இரண்டு வரி போதும். அழுகை வேண்டாம். மீதி இடத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அதற்கா பஞ்சம்? நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் அங்கே உண்டு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது, இலங்கையைச் சொல்லவில்லை. ஏன்? இந்தப் பக்கம் ரமணாசிரமத்துக்கு ஐரோப்பாவிலிருந்து விசாவோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஒரே ஊர், இரண்டு விதமான அயல்நாட்டவர். இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு உலக அமைதி பற்றி ஏஜென்ட் எழுதித் தர வேண்டுமா?

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். நீங்கள் தேறி வந்ததைப் பார்த்த பேராசிரியரிடம் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றி அவள் அப்பாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். முதலில் க்யூட் எழுதட்டும். எம்.ஏ. முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்தால் இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் நல்ல மார்க் எதிர்பார்ப்பார்கள், ஆகவே எம்.ஏ.வில் அரியர் கூடாது. அவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இது மாதிரி விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைகள் வரைவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாது.