கையெழுத்து இடுமுன்...

வாயில்லா ஜீவன்களுக்காக வாய் திறந்து பேசுவது நம் கடமை. விலங்குகளையும் பறவைகளையும் உடன்பிறப்புகளாய் நேசித்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளை ஆண்டுதோறும் அக்டோபர் 4-ஆம் நாள் கொண்டாடும் நாம், தெரு நாய் கல்லடி படும்போது பாராமுகமாய் இருக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக் கைப்பேசிக்கு ஓர் இணைய மனு வந்தது. மிருகவதைக்கான அபராதத்தை உயர்த்த வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் முறை குற்றம் செய்தவருக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே! ஓர் உயிரைத் துன்புறுத்தியதற்கு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை போதுமா?

மனம் பதைத்த நாங்கள், அவரவர் பெற்றோரின் கைப்பேசியில் அம்மனுவைத் திறந்தோம். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், முகவரி என்று கேட்டதையெல்லாம் நிரப்பினோம். ஒரு நிமிடத்தில் புண்ணியம் சேர்த்துவிட்டதாய் மகிழ்ந்தோம். அடுத்த வாரமே நன்கொடை கேட்டும் கடன் தருவதாகவும் அழைப்புகள் வரத் தொடங்கின. “என் நம்பரை யாரிடம் கொடுத்தாய்?” என்று அம்மா கேட்டபோது எங்களால் பதில் கூற இயலவில்லை. அம்மனுவினால்தான் அழைப்புகள் வந்தன என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் நாங்கள் கொடுத்த விவரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லையே!

அப்படியானால் இணைய மனுவே வேண்டாம் என்பதா? அல்ல. குட்டி ஈனுவதற்கென்றே அடைத்து வைக்கப்பட்டிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் இங்கிலாந்தில் ஓர் இயக்கம் எழுந்தது. அதன் மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2018-இல் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதம் நிறையாத நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர் விற்பதற்கு அங்கே தடை வந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் மனுத்தளம் கையொப்பமிடுவோரின் பெயர்களை வெளியிடுவதில்லை. கருணையும் காவலும் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நாங்களோ அம்மாவின் எண்ணை அம்மாவைக் கேட்காமலே கொடுத்துவிட்டோம். தவறு எங்களுடையதும்தான்.

ஆகவே தோழியரே, மனு எழுதியவர் யார், அது யாரிடம் போகிறது என்று முதலில் பாருங்கள். மாட்டின் துயர் தீர நம் பிறந்த தேதி எதற்கு என்று கேளுங்கள். பெற்றோரிடம் காட்டிய பின்பே கையெழுத்திடுங்கள். பெற்றோர்களே, கோபிக்காமல் எங்களோடு அமர்ந்து படித்துப் பாருங்கள்.

இப்போது நாங்களே ஒரு மனு எழுதி, பெயரும் வகுப்பும் மட்டும் இட்டு, வகுப்பாசிரியையிடம் காட்டி, எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆயினும் எங்கள் கையெழுத்து எங்கே போயிருக்கிறது என்பதை இம்முறை அறிவோம். இரக்கம் நெஞ்சில் பிறக்கட்டும். விழிப்பு அதற்குத் துணை நிற்கட்டும்!

– பத்தாம் வகுப்பு மாணவி