இடுப்பா, முதுகா, கணுக்காலா? துப்பாக்கியை எங்கே வைப்பது?

தன் துப்பாக்கியாலேயே தன் தொடையைத் துளைத்துக்கொண்டு, ஜெயிலுக்கும் போனார் ஒரு பிரபல ஆட்டக்காரர்!

அவர் பெயர் பிளாக்சிகோ பரெஸ். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு வெற்றி தேடித் தந்த அமெரிக்கக் கால்பந்து வீரர். அதே ஆண்டு நவம்பர் 28-ந் தேதி இரவு, நியூயார்க்கில் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனார். இடுப்பில் குளாக் கைத்துப்பாக்கியைச் செருகி இருந்தார். அது கால்சட்டைக்குள் சரிந்தது. பதறிப்போய் பிடித்தார். விசை அழுந்தி, "டுமீல்!"

அந்த ஊரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சும் இல்லை. 2009-ல் 2 ஆண்டு ஜெயில்.

வேகமா? பத்திரமா?

2024 கணக்குப்படி அமெரிக்காவில் 29 மாநிலங்களில் பர்மிட் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம். ஆனால் உடம்பில் எங்கே வைப்பது? அங்கேதான் தகராறு.

வயிற்றுப் பக்கம், இடுப்பு வாருக்குள் வைத்தால் சட்டென்று உருவலாம். கண் முன்னாலேயே இருப்பதால் மற்றவன் பறிப்பதும் சிரமம். ஆனால் உட்கார்ந்தால் குழாய் முனை தொடையைப் பார்க்கிறது. அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. துப்பாக்கியை உறைக்குள் திரும்பச் சொருகும்போது சட்டை நுனி விசையில் மாட்டினால் போச்சு!

வலது இடுப்பில் வைத்தால் அந்தப் பயம் குறைவு, கொஞ்சம் தாமதம். கூட்டத்தில் பின்னால் நிற்பவன் கை வைக்கலாம். பஸ்சில் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்தவருக்கு இது புரியும்.

நடு முதுகில் வைப்பது சினிமாவுக்குச் சரி. மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. கணுக்கால் என்றால் குனிய வேண்டும். அதுவரை எதிரி காத்திருப்பானா? அக்குளில் தொங்கவிட்டால் கார் ஓட்டுபவருக்கு வசதி. ஆனால் சில உறைகளில் முனை பின்னால் நிற்பவரைக் குறிபார்த்தபடியே இருக்கும்!

எங்கே வைத்தாலும் விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை வேண்டும். நழுவினால் தாவிப் பிடிக்கவே கூடாது. விழட்டும், பிறகு நிதானமாக எடுக்கலாம் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அதிகாரியே சுட்டார்

இது போலீசுக்குத் தெரியாதா? 2018 ஜூனில் டென்வர் நகர மதுக்கூடம் ஒன்றில் எப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நடனமாடியபடி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். இடுப்பு உறையில் இருந்த துப்பாக்கி தரையில் விழுந்தது. அவசரமாக எடுத்தார். வெடித்தது! பக்கத்தில் நின்றவர் காலில் குண்டு.

அதிகாரி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜெயில் இல்லை. 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டார்கள்.