அகத்திணை கற்றோரும் லயத்து அகமும்

பாலுறவு குறித்து வெளிப்படையாகப் பேசுதல் மேனாட்டார் பழக்கம் என்றும், ஆண் பெண் உறவிற் பல வகைகள் உண்டெனக் கூறுதல் தமிழ்ப் பண்பாட்டுக்குப் பகை என்றும் கற்றோர் அவைகளிற் கூடச் சொல்லப்பட்டு வருகின்றது. இக்கூற்று இலக்கியத்துக்கும் பொருந்தாது, வரலாற்றுக்கும் பொருந்தாது. அதனால் விளையும் கேட்டைச் சுமப்பவர்கள் இவ்வாறு கூறுவோருமல்லர். பதுளை, பசறை, ஹப்புத்தளை மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்களே அதனைச் சுமக்கின்றனர்.

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். ஒத்த அன்பின் ஐந்திணையோடு, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் அவர் விலக்கவில்லை. களவுக்கும் இலக்கணம் உண்டு. கற்புக்கும் இலக்கணம் உண்டு. மாந்தர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பதை அறிந்து வகுத்தல் அந்நூலின் நெறி. இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வோர், வாழ்வில் அதே பொருள் எழுந்தவுடன் முகஞ் சுளிப்பது எத்தகைய கல்வி?

ஊவாவின் வரலாறும் இதனையே கூறும். கண்டியச் சிங்களவரிடையே சகோதரர் பலர் ஒருத்தியை மனைவியாகக் கொண்டு வாழும் வழக்கம் இருந்தது. பிரித்தானிய ஆட்சியே 1859இல் அதனைச் சட்டத்தால் விலக்கியது. மனைவி கணவன் வீடு செல்லும் ‘தீக’ மணமும், கணவன் மனைவி வீடு வரும் ‘பின்ன’ மணமும் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில் இடம்பெற்றன. அச்சட்டத்தின்படி, இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் மாவட்டப் பதிவாளரே மணவிலக்கு வழங்கலாம். அதே மலையில் வாழும் தோட்டத் தமிழருக்கோ 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே உரியது. அவர்கள் பிறருறவு, வஞ்சகமாகக் கைவிடுதல், மணவேளையிலிருந்தே தீராத ஆண்மைக்குறை ஆகியவற்றுள் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவுதல் வேண்டும். நாட்கூலி பெறும் பெண்ணுக்கு அந்நீதிமன்றப் படி எத்துணை உயரமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவை குறித்துப் பேசத் துணிந்தோர் இலங்கையில் இல்லாமலில்லை. கனடாவிற் பிறந்த மருத்துவர் மேரி இரத்தினம் 1896இல் இங்கு வந்தார். தமிழர் ஒருவரை மணந்தமையால் மிஷன் ஊழியத்தில் அவருக்கு இடமில்லாது போயிற்று. ஒழுக்கங் காப்போரின் சினத்தை அவர் முதலிற் சந்தித்தது தம் சொந்த மணத்தின் பொருட்டே. பின்னர் அவர் பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பெண்களுக்கு உடலறிவு வேண்டுமென வாதிட்டார். லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். 1937இற் கொழும்பிற் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்று தொடங்கப்படுவதில் முன்னின்றார். 1958இல் மக்சேசே விருது அவரை நாடி வந்தது. ஆயின் இத்தகைய மாதர் இயக்கங்களின் களம் நகரமும் கிராமமுமே. தோட்டமோ துரையின் அனுமதியின்றிப் பிறர் நுழையாத நிலம். 1924இற் பதுளைக்குப் புகையிரதம் வந்தது, அது தேயிலையை இறக்கியது, அறிவை ஏற்றிவரவில்லை.

மலைக்கு ஏறி வந்தது கத்தி மட்டுமே. 1980 முதல் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு அரசு பணங் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை மிகுந்தது. கருப்பையை எண்ணிக் கணக்கிட்டவர்கள், அப்பெண் தன் கணவனை விரும்புகின்றாளா, அவள் மறுத்தால் அம்மறுப்பு மதிக்கப்படுகின்றதா என்று கேட்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோதும், நீதிமன்றத்தாற் பிரிக்கப்பட்ட மனைவியை வல்லுறவு கொள்வதே குற்றமாயிற்று. சேர்ந்து வாழும் மனைவிக்கு அக்காப்பு இல்லை. ஒருபாலுறவைத் தண்டிக்கும் 1883ஆம் ஆண்டின் பிரிவோ அதே திருத்தத்தாற் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. அதனை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இற் கூறிய பின்னரும், பண்பாட்டின் பெயராற் பழைய ஆங்கிலேயச் சட்டத்துக்குக் காவல் நிற்போர் பலர்.

முற்போக்காளர் சிலர் வேறொரு தடை கூறுவர்: கூலியும் வீடும் இல்லாதவர்க்குப் பாலறிவு ஆடம்பரம் என்பது அவர்தம் வாதம். லயக் காம்பிரா ஒன்றைக் காண்பார்க்கு இவ்வாதம் நில்லாது. பெற்றோரும், வளர்ந்த பிள்ளைகளும், புதிதாய் மணந்த இணையரும் ஒரே கூரையின்கீழ், ஒரே அறையில் உறங்கும்போது, வீட்டுப் பிரச்சினையே பாலுறவுப் பிரச்சினையாகின்றது. மனைவி மத்திய கிழக்கிலும் கணவன் மலையிலும் பேரப்பிள்ளைகள் பாட்டியிடமுமாகச் சிதறிய குடும்பத்திற் கூலிப் பிரச்சினையே உறவுப் பிரச்சினையாகின்றது. இரண்டையும் பிரித்து ஒன்றைப் பிற்போடுவோர் இரண்டையும் அறியாதவரே.

தமிழில் இவற்றைப் பேசச் சொல் இல்லை என்பதும் பொய்ச்சாட்டு. சென்னையில் மனநல மருத்துவர் மாத்ருபூதம், ‘புதிரா புனிதமா’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பாலியல் ஐயங்களுக்குத் தமிழிலேயே விடையளித்தார். அவர் 2004இல் மறைந்தார், தமிழ் மாசுபடவில்லை.

அகப்பாடலில் தலைவிக்கு நெஞ்சைத் திறக்கத் தோழி ஒருத்தி உண்டு. ஊவாத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆணுக்கும் அத்தோழமையைத் தரவல்ல தமிழறிந்த ஆலோசகர் பதுளை வைத்தியசாலையிலும் தோட்ட மருத்துவ நிலையங்களிலும் இருத்தல் வேண்டும். மனமொத்த மணவிலக்கு மலைநாட்டார் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். உடல், இசைவு, மறுப்பு ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கும் கைந்நூல்களை ஆக்குதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடன். அக்கடனைச் செய்யாது அகத்திணைக்கு ஆண்டுதோறும் விழா எடுப்பது, தோழியை வாயிலில் நிறுத்திவிட்டுத் தலைவிக்குப் பாராட்டுரை வாசிப்பதாகும்.