பெரட்டில் நிற்கும் கணினிகள்

செரம்பானின் அம்பாங்கானைச் சுற்றி ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மா இருந்தால்? நெட்டை முனியம்மா, கோயில்வீட்டு முனியம்மா என்று லயத்துக்காரர்களே பிரித்துவிடுவார்கள். சம்பளம் மாறிப் போய்விடக் கூடாதே!

இன்று அதே வட்டாரத்தில், கடைவீட்டு மாடியில் ஐந்தாறு கணினியோடு டியூஷன் வகுப்பு நடத்துகிறவர் தம் ரௌட்டரின் பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி, ஒரு சிறு கோட்டுக்குப் பின் எழுத்தும் எண்ணுமாக ஏழு. எல்லாக் கணினியும் அப்படித்தான். விண்டோஸ் தானாக வைத்த பெயர் அது. இணையத்தை உறிஞ்சுவது எது என்று ரௌட்டர் காட்டிக்கொடுத்தாலும் எந்த மேசைக்கு ஓடுவது?

மாற்றுவது பெரிய வேலையில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட், அங்கே ‘ரீநேம் திஸ் பிசி’. மறுதொடக்கம் கேட்கும், செய்தால் முடிந்தது. கட்டளையில் பழகியவருக்கு பவர்ஷெல்லில் ‘ரீநேம்-கம்ப்யூட்டர்’, லினக்ஸில் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’.

எந்தப் பெயர் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதலில் கைக்கு வருவது சொந்தப் பெயர். ஆனால் வைஃபையில் சேரும் கணினி, முகவரி கேட்கும்போதே பெரும்பாலும் தன் பெயரையும் சொல்லிவிடுகிறது. செரம்பான் காப்பிக்கடை வைஃபைக்கு அந்த மடிக்கணினியின் சொந்தக்காரர் யாரென்று ஏன் தெரிய வேண்டும்? பயனர் சூட்டிய கருவிப் பெயரைச் செயலிகளிடமிருந்தே ஆப்பிள் 2022-இல், ஐஓஎஸ் 16-இலிருந்து, மறைக்கத் தொடங்கியது. ஆகவே ஆளை விட்டுவிட்டு இடத்தைச் சொல்லலாம்: முன்மேசை-1, கணக்கு-2. ஆள் மாறினாலும் மேசை மாறாது.

தமிழ் எழுத்தில் வைக்கலாமா? ‘.சிங்கப்பூர்’, ‘.இலங்கை’ என்று இணைய முகவரிகளே தமிழில் முடிகின்றன, ஆனால் உள்ளே அவையும் ரோமன் எழுத்துக் குறியீடாகவே ஓடுகின்றன. கணினிப் பெயருக்கு ரோமன் எழுத்து, எண், சிறு கோடு, இவை போதும். இடைவெளி கூடாது. 1980களின் நெட்பயோஸ் வைத்த 15 எழுத்து வரம்பு விண்டோஸில் இன்றும் தொடர்கிறது. ரோமனில் எழுதினாலும் ‘முன்மேசை’ அதற்குள் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்: பிரிண்டர் எந்தக் கணினியில் மாட்டியிருக்கிறது? அந்தக் கணினியின் பெயரை மாற்றினால், மறுநாள் காலை மற்ற கணினிகள் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பதில் வராது, காகிதமும் வராது. ஒவ்வொன்றிலும் பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்க அரை மணி நேரம் ஒதுக்கி வைப்பது நல்லது.