மகரத்துக்கு உயிர் கொடுத்தல்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் என் மாணவி ஒருத்தி, தான் தீட்டிய சித்திரமொன்றைக் கொணர்ந்து காட்டினாள். சிறகு விரித்து நெருப்பைக் கக்கும் பறவைநாகம் அதில் இருந்தது. மேனாட்டுக் கதைகளில் வருவது. "ஐயா, இதிலே தோல் இருக்கிறது, உயிர் இல்லை" என்று அவளே குறைபட்டுக்கொண்டாள். "நம் கடலுக்கே உரிய விலங்கு ஒன்று உண்டே, பிள்ளை, மகரத்தை எழுதிப் பார்" என்றேன்.

யானையின் துதிக்கை, முதலையின் வாய், மீனின் உடல், சுருண்டு விரியும் தோகை வால்: இவை ஒருங்கே அமைந்ததே மகரம். கடலரசனாகிய வருணனுக்கு அஃது ஊர்தி, மன்மதனுக்குக் கொடி, திருமாலின் செவியிலே குழை. கோயில்களில் இறைவன் திருவுருவைச் சூழ்ந்த தோரணம் இரு மகரங்களின் வாயினின்றே எழுகின்றது. அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் பௌத்த ஆலயப் படிகளின் கைப்பிடிக் கற்களிலும் அதனைக் காணலாம். இந்நாட்டின் இரு சமயத்தாருக்கும் பொதுவாய் வாயில் காத்து நிற்கும் விலங்கு இது.

நம் ஊரில் அதனை எழுதுவதற்குத் தனிப்பொருள் உண்டு. பழைய கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி அதன் கற்களைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆயினும் பழைய தோரணங்களை நாம் இனிக் காண்பதற்கில்லை. எழுதுவோர் மனக்கண்ணாற் கண்டே எழுதவேண்டும்.

இதற்கு ஏற்றது அக்கிறிலிக் வர்ணம். அதிலுள்ள நீர் ஆவியானதும், நுண்ணிய பிளாஸ்ரிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. உலர்ந்த படலம் மீண்டும் நீரிற் கரையாது. ஆதலால் கீழ்ப்படை கலையாமல் அதன்மேற் படைபடையாகத் தீட்டலாம். தூரிகையை உடனே கழுவவேண்டுவதும் இதனாலேயே. கழுவுமுன் வர்ணத்தைத் துணியால் துடைத்துவிடுக. பிளாஸ்ரிக் கழிவு நம் துறைமுகத்துக்கு வேண்டா.

கித்தானினும் பலகையே பாரந் தாங்கும். அதற்கு வெள்ளை அடிப்பூச்சு இருமுறை இடுக. அக்கிறிலிக் பசையிற் சுண்ணத்தூள் குழைத்து, மீன்செதில்களைச் சிறு கரண்டியின் நுனியால் எழுப்புக. தஞ்சாவூர் ஓவியர் பொற்றகட்டின் கீழே சுண்ணக்கலவையால் மேடு அமைப்பதும் இவ்வகையே. முதலைத் தோலுக்கு மெல்லிய கடதாசியைக் கசக்கி ஒட்டுக. தோகைக்குச் சீப்பினால் இழுக்க. கடல்மணல் சேர்ப்பதாயின் நன்னீரிற் பலமுறை கழுவி உலர்த்துக. உப்பு எஞ்சினால் ஈரத்தை இழுக்கும். ஒரு படை உலர்ந்தபின்னரே மறுபடை இடவேண்டும். மாரிகாலக் கடற்காற்றில் இதற்கு ஓரிரவும் போதாது.

பின்னர் கருநீலத்தை முழுவதும் பூசுக. அது உலர்ந்ததும், நீர்த்த பச்சையை விட்டால் பள்ளங்களிற் சென்று தங்கும். இறுதியில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேலாகத் தடவுக. மேடுகள் மட்டும் ஒளிபெற்று எழும்.

மாணவி அவசரப்பட்டாள். பசையைத் தடிப்பாக ஒரே முறையில் அப்பியதால், மேற்பகுதி முந்தி உலர்ந்து வெடித்தது. சுரண்டி எறிய முற்பட்டாள், தடுத்தேன். வர்ணம் ஏறியதும் அவ்வெடிப்புகளே பழங்கல்லின் சாயலைத் தந்தன.

ஆனாலும் உயிர் வரவில்லை. காரணத்தைச் சொன்னவர் கடற்றொழில் செய்யும் அவள் தகப்பனார். வர்ணத்துக்குச் செலவிடுவது வீண் என்று அதுவரை கடிந்தவர், படத்தை நெடுநேரம் உற்றுநோக்கினாராம். "இது செத்த மீனின் கண், மகள். உயிருள்ள மீனின் கண் இப்படிக் குழிந்து மங்கிக் கிடக்காது" என்றாராம். மறுநாள் விடியுமுன் அவளைக் கரைக்கு அழைத்துச் சென்று, வலையிலே துள்ளிய மீன்களைக் காட்டினார்.

பழைய கண்ணின்மேல் அவள் புதிய கண் தீட்டினாள். தெளிந்த, புடைத்த, நீர் மினுங்கும் கண். மகரம் இப்போது நம்மைப் பார்க்கின்றது.

கண்டறியாத விலங்கை எழுதுவோரும் கண்ட உயிரிடமே பாடங் கேட்கவேண்டும். அதற்குரிய ஆசான் சிலவேளை நம் வீட்டிலேயே வலை பின்னிக்கொண்டிருப்பார்.